ஞானப்பல்லில் தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்த்தாடையில் முளைக்க வழியில்லாமல் எலும்புக்குள் சிக்கிக்கொண்ட ஞானப்பல்லின் வேர் சில பேருக்கு நரம்பை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாதிரிப் பல்லை முழுசாகப் பிடுங்காமல், மேலே இருக்கும் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு ஈறைத் தைத்துவிடும் சிகிச்சைக்குக் கொரோனெக்டமி என்று பெயர். நான் பல் அறுவை சிகிச்சை செய்பவன். இந்தப் பேரைச் சொன்னதுமே எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டதும், கேட்கத் தயங்கி வீட்டுக்குப் போய் போனில் கேட்டதும்தான் கீழே இருக்கிறது.

பாதிப் பல்லை உள்ளேயே விட்டால் அது அரைகுறை வேலை இல்லையா?

எல்லோரும் மனசுக்குள் முதலில் கேட்பது இதுதான், "இவருக்கு முழுசாக எடுக்கத் தெரியவில்லையோ" என்று. வேர் உடைந்து உள்ளே மாட்டிக்கொள்வது வேறு, வேரைத் தெரிந்தே விடுவது வேறு. முதலாவது விபத்து, இரண்டாவது எக்ஸ்ரேவைப் பார்த்து, உங்களிடம் பேசி, கையெழுத்து வாங்கி எடுத்த முடிவு. 1984ல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள், அதற்கப்புறம் பல நாடுகளில் செய்து பார்த்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியும் இருக்கிறார்கள். சும்மா புதுசாக யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை. சொல்லப்போனால் பல்லை நெம்பித் தூக்குவதைவிட, வேர் ஆடாமல் தலையை மட்டும் எடுப்பதற்குத்தான் கை நிதானம் அதிகம் வேண்டும்.

எந்த நரம்பைப் பற்றி இவ்வளவு பயம்?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரிப் பாதை இருக்கிறது. அதற்குள் ஒரு நரம்பும் கூடவே ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. கீழ்வரிசைப் பற்களுக்கெல்லாம் உணர்ச்சி கொடுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் முன்பக்க ஈறுக்கும் போகிறது. ஞானப்பல் வாயின் கடைசியில் ஆழமாகப் படுத்திருப்பதால் அதன் வேர்நுனி இந்தப் பாதையை உரசிக்கொண்டு நிற்கலாம், சில நேரம் வேரிலேயே நரம்புக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ரொம்ப அபூர்வமாக இரண்டு வேர்களுக்கு நடுவே நரம்பு புகுந்து போகும்.

அந்த மாதிரிப் பல்லை நெம்பினால் வேர் நரம்பை நசுக்கலாம், இழுக்கலாம். அப்போது அந்தப் பக்கத்துப் பாதி உதடும் மோவாயும் மரத்துப்போகும். ஊசி போட்டபோது இருக்கிற அதே மரப்புத்தான், ஆனால் மாலைக்குள் போகாது. தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிவது தெரியாது. உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள், ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரியவரும். ஷேவ் செய்யும்போது மோவாயில் யாரோ வேறு ஒருவர் தோலைத் தொடுவது போலிருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார், எனக்கு அது மறக்கவே இல்லை. சிலருக்கு மரப்போடு சேர்ந்து எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற வலி வரும், அது வெறும் மரப்பைவிட மோசம்.

வாய் கோணிப்போகுமா?

போகாது. இந்த நரம்பு உணர்ச்சிக்கானது, உதட்டை அசைப்பது வேறு நரம்பு. மரத்துப்போனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனாலேயே பாதிக்கப்பட்டவர்களின் கஷ்டத்தை வீட்டில்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் பல் நரம்பை ஒட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

முதலில் ஓபிஜி, அதாவது முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே. அதில் நரம்புப் பாதை இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாக, ரயில் தண்டவாளம் மாதிரி ஓடும். அந்தக் கோட்டை ஞானப்பல் வரைக்கும் விரலால் தொடர்ந்து வாருங்கள். வேரைத் தாண்டும் இடத்தில் வெள்ளைக்கோடு அறுந்து மறைகிறதா? பாதை திடீரென்று குறுகுகிறதா? வளைந்து ஒதுங்கிப் போகிறதா? வேரின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருக்கிறதா? வேர்நுனி மெலிந்து அல்லது வளைந்து இருக்கிறதா? இவைதான் நாங்கள் தேடும் அடையாளங்கள். இதில் அந்தக் கறுப்புப் பட்டையும், அறுந்த கோடும், வளைந்து போகிற பாதையும் இருந்தால் நான் உடனே நிதானமாகிவிடுவேன்.

ஓபிஜி தட்டையான படம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், அதனால் ஒட்டியிருப்பது போலத் தெரிவதெல்லாம் உண்மையில் ஒட்டியிருக்காது. அந்தச் சந்தேகம் வந்தால் சிபிசிடி ஸ்கேன் எடுப்போம். அதில் தாடையைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்ப்பது போலப் பார்க்கலாம்: நரம்பு வேருக்குக் கன்னப் பக்கமா, நாக்குப் பக்கமா, நடுவில் எலும்பு இருக்கிறதா இல்லையா. பல பேருக்கு ஸ்கேன் எடுத்த பிறகு "அப்பாடா, நடுவில் எலும்பு இருக்கிறது, முழுசாகவே எடுத்துவிடலாம்" என்று முடிந்திருக்கிறது. எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஓபிஜியிலேயே வேருக்கும் பாதைக்கும் நல்ல இடைவெளி தெரிந்தால் ஸ்கேனும் வேண்டாம், கொரோனெக்டமியும் வேண்டாம்.

எவ்வளவு ஆபத்து, எண்ணாகச் சொல்லுங்கள்.

எல்லா ஞானப்பல் அறுவைகளையும் சேர்த்துப் பார்த்தால் உதடு மரத்துப்போவது நூற்றில் சில பேருக்குத்தான், அதிலும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் இது எல்லோரையும் கலந்த கணக்கு. நரம்பிலிருந்து தள்ளி நிற்கும் பல்லுக்கு ஆபத்து அனேகமாக இல்லை, ஒட்டி நிற்கும் பல்லுக்குப் பல மடங்கு.

2005ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நரம்புக்கு நெருக்கமான பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்து பார்த்தார்கள். முழுசாக எடுத்த 102 பற்களில் 19க்கு நரம்பு பாதிப்பு வந்தது. தலையை மட்டும் எடுத்து வேரை ஒழுங்காக விட முடிந்த 58 பற்களில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. தலையை வெட்டும்போது வேர் ஆடிப்போனதால் முழுசாகவே எடுக்க வேண்டி வந்த 36 பற்களில் 3க்கு வந்தது. அந்த 36ஐத்தான் நான் எல்லோருக்கும் காட்டுவேன். தொடங்கும்போது நினைத்தது நடக்காமல் போகலாம் என்பதற்கு அது அத்தாட்சி. பழகிய கைகளில் இப்போது அந்த எண்ணிக்கை ரொம்பவே குறைந்துவிட்டது, ஆனாலும் பூஜ்ஜியம் ஆகவில்லை.

அறுவையில் என்னதான் செய்வீர்கள்?

மரப்பு ஊசி போட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறோம், ரொம்பப் பயப்படுகிறவர்களுக்கு மயக்கமும் கொடுக்கலாம். ஈறைக் கீறி விலக்கி, தேவையான அளவு எலும்பைக் கன்னப் பக்கம் கொஞ்சம் சுரண்டினால் பல் தெரியும். பல்லின் தலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் டிரில் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே, சாய்வாக வெட்டுவோம். உங்களுக்கு வலி இருக்காது, ஆனால் சத்தமும் அதிர்வும் மண்டைக்குள்ளேயே கேட்பது போலிருக்கும், வாய் நிறையத் தண்ணீர் சேரும், பக்கத்தில் நிற்பவர் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்.

இதில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சிலர் முழுக்க வெட்டிப் பிரிப்பார்கள், சிலர் முக்கால்வாசி வெட்டிவிட்டு மிச்சத்தை மெல்ல முறித்து எடுப்பார்கள். முழுக்க வெட்டினால் டிரில் நாக்குப் பக்கச் சுவரைத் தாண்டிவிடக்கூடாது, அந்தப் பக்கம் நாக்கு நரம்பு இருக்கிறது. முறித்தால் அந்த விசையில் வேர் ஆடிவிடலாம். பல்லின் சாய்வைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

தலை வந்த பிறகுதான் நிதானமான வேலை. மிச்சமிருக்கும் வேரை எலும்பின் விளிம்புக்குக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் போகும்படி தேய்த்து இறக்கவேண்டும், அப்போதுதான் மேலே எலும்பு வளர்ந்து மூட இடம் கிடைக்கும். எனாமல், அதாவது பல்லின் தலையை மூடியிருக்கும் கெட்டியான வெளிப்பூச்சு, ஒரு துணுக்குக்கூட மிச்சம் இருக்கக்கூடாது. எனாமல் மேல் எலும்பு வளராது, பின்னால் ஈறு ஆறாமல் சீழ் வைக்கிற கேஸ்களில் பெரும்பாலும் மாட்டுவது இந்த மிச்ச எனாமல்தான். கண்ணாடியை வைத்து ஒரு தடவை, கழுவிவிட்டு இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் தைப்பேன்.

வேருக்குள் உயிர் இருக்குமே, வலிக்காதா? ரூட் கெனால் செய்ய வேண்டாமா?

வேண்டாம், செய்யவும் கூடாது. வேருக்குள் இருக்கும் சதைக்கு ரத்த ஓட்டம் கீழேயிருந்து வருகிறது, தலையை வெட்டினாலும் அது உயிரோடு இருக்கும். மேலே ஈறு மூடி, எலும்பு வளர்ந்துவிட்டால் உடம்பு அதை அப்படியே தனக்குள் வைத்துக்கொள்ளும். வாயில் வெளியே தெரியும் பல்லில் சொத்தை விழுந்து வலிப்பதற்குக் காரணம் கிருமிகள் உள்ளே போவது. இங்கே கிருமிக்கு வழியே இல்லை, இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மருந்து வைத்து அடைத்து மூடிப் பார்த்தவர்களுக்குத் தொந்தரவு அதிகமானதே தவிரக் குறையவில்லை.

விட்ட வேர் அங்கேயே இருக்குமா?

இருக்காது, கொஞ்சம் நகரும்! பலருக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் வேர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வரும், பிறகு வேகம் குறைந்து பெரும்பாலும் நின்றுவிடும். கேட்டால் பயமாக இருக்கிறது, ஆனால் நமக்கு இது நல்லதுதான். மேலே வரவர நரம்பிலிருந்து விலகுகிறது. சில பேருக்கு ஈறைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிடும், அப்போது இன்னொரு சின்ன அறுவை செய்து எடுக்கவேண்டும். நூற்றில் சில பேருக்கு அந்த இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. ஆனால் அப்போது வேர் நரம்பைவிட்டு விலகியிருப்பதால் ஆபத்து வெகு குறைவு. "இரண்டு தடவை கத்தி வைப்பதற்கு ஒரேயடியாக முடித்துவிடலாமே" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இரண்டாவது அறுவைக்கான சின்ன வாய்ப்பா, உதடு மரத்துப்போவதற்கான சின்ன வாய்ப்பா, எதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பது அவரவர் விஷயம். பாட்டுப் பாடுபவர், காற்று வாத்தியம் வாசிப்பவர் வந்தால் அவருக்கு உதடு என்பது வேறு கணக்கு.

யாருக்கு இதைச் செய்யக்கூடாது?

சொத்தை உள்சதை வரைக்கும் போய்விட்ட பல், வேரைச் சுற்றிச் சீழ் வைத்த பல், ஏற்கெனவே ஆடுகிற பல், கட்டியோடு சேர்ந்த பல்: இதில் எதற்கும் வேரை விடக்கூடாது, நோயையே உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும். பல் முழுக்கப் படுத்து நரம்புப் பாதையின் மேலேயே நீளவாட்டில் கிடந்தால் தலையை வெட்டும் வெட்டே நரம்பில் படலாம், அங்கேயும் இது உதவாது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் அல்லது எடுக்கப்போகிறவர்கள், தாடையை வெட்டி நகர்த்தும் அறுவைக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோருக்கும் வேறு யோசனைதான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் முதலில் சர்க்கரையைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், எந்தப் பல் அறுவைக்கும் இது பொருந்தும்.

நடுவில் வேர் ஆடிவிட்டால்?

எடுத்துவிட வேண்டியதுதான். ஆடிய வேருக்கு ரத்த ஓட்டம் அறுந்திருக்கும், விட்டால் பின்னால் தொந்தரவு நிச்சயம். குறிப்பாக ஒற்றையாகக் கூம்பி இருக்கும் வேர் சீக்கிரம் ஆடும். அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் முழுப் பல்லும் எடுக்கப்படும்" என்ற வரி இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, அவர்கள் மேல் மட்டும் தப்பில்லை, அதை வாய்விட்டுச் சொல்லாத எங்கள் மேலும்தான்.

நாக்கு நரம்பும் இதனால் தப்பிக்குமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நாக்கின் உணர்ச்சியும் அதோடு சேர்ந்து ருசியும் போகிற நரம்பு வேறு, அது தாடையின் உள்பக்கம் ஈறுக்கு அடியில் போகிறது. கொரோனெக்டமி காப்பாற்றுவது உதட்டு நரம்பை. நாக்கு நரம்பு எந்த முறையில் செய்தாலும் கை நிதானத்தைப் பொறுத்தது.

மேல் ஞானப்பல்லுக்கும் இது உண்டா?

இல்லை. அங்கே இந்த நரம்பும் இல்லை, இந்தப் பிரச்சினையும் இல்லை.

எதுவுமே செய்யாமல் அப்படியே விட்டால் என்ன?

பல நேரம் அதுதான் சரியான பதில், யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். வலியில்லை, சொத்தையில்லை, பக்கத்துப் பல் கெடவில்லை, எக்ஸ்ரேவில் கட்டியில்லை என்றால் சிக்கிய பல் என்கிற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலேயே நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டி எடுப்பதை நிறுத்தச் சொல்லி அரசு வழிகாட்டுதல் வந்தது. ஆனால் ஈறு அடிக்கடி வீங்கி வாய் திறக்க முடியாமல் போவது, முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுவது ஆகியவை தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். வயது ஏறஏற எலும்பு இறுகும், வேர் முழுசாக வளர்ந்திருக்கும், நரம்பு ஆபத்தும் கூடும்.

பிறகு எத்தனை நாள் அவதி?

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் வடியும். மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "இன்னும் அதிகமாகிவிட்டதே" என்று போன் வரும், அது வழக்கமானதுதான். பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டு இருங்கள். முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடுங்கள். புகைப்பவர்கள் அந்த ஒரு வாரமாவது நிறுத்துங்கள், சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், வாசலிலேயே பற்றவைக்கிறார்கள். மூன்று நான்கு நாள் கழித்துக் குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று காதுவரை ஏறினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் திரும்பி வாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் எங்களுக்குப் போன் செய்துகொண்டு உட்காராமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால்?

அன்றைக்கே சொல்லுங்கள். மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். "ஒரு வாரம் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள், எலும்புத் துணுக்கோ வேர்த் துணுக்கோ நரம்பை அழுத்துகிறதா என்று பார்த்து ஏதாவது செய்யக்கூடிய நேரம் அந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான். டாக்டர் பஞ்சாலும் ஊசிமுனையாலும் தொட்டு, மரத்த இடத்தை வரைந்து வைப்பார். அடுத்த தடவை வரும்போது அந்த வட்டம் சின்னதாகியிருந்தால் நரம்பு தேறுகிறது என்று அர்த்தம். தேறும்போது எறும்பு ஊர்வது போல இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

மூன்று கேள்வி போதும். என் எக்ஸ்ரேவில் நரம்பு எங்கே ஓடுகிறது, விரலால் காட்டுங்கள். இந்தப் பல்லுக்கு முழுசாக எடுப்பது, தலையை மட்டும் எடுப்பது, சும்மா விடுவது, மூன்றில் நீங்கள் ஏன் இதைச் சொல்கிறீர்கள்? கொரோனெக்டமி நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் இன்னொருவரிடம் போய்க் கேட்பதில் தப்பே இல்லை.

வேர் உள்ளே இருப்பதால் வாழ்நாள் முழுக்க ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அறுவை முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே, ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருஷத்தில் இன்னொன்று, பிறகு தொந்தரவு இருந்தால் மட்டும். ஆனால் ஒன்று நடக்கும். பல வருஷம் கழித்து வேறு ஏதோ பல்லுக்காக வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் போவீர்கள், அவர் படத்தைப் பார்த்துவிட்டு "யாரோ வேரை உடைத்து உள்ளேயே விட்டிருக்கிறார்களே, எடுத்துவிடலாமா" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை, படத்தில் அப்படித்தான் தெரியும். அதனால் அறுவைக்கு முன்னால் எடுத்த படத்தையும் பின்னால் எடுத்த படத்தையும் போனில் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள், "கீழ் இடது ஞானப்பல், கொரோனெக்டமி, வேர் தெரிந்தே விடப்பட்டது" என்று தேதியோடு எழுதி. இடதா வலதா என்பதைச் சரியாக எழுதுங்கள், எக்ஸ்ரேவில் இடம் வலம் மாறித் தெரியும்.